யாருக்கு இடம் தருவது என்பதைப் புகாராக்க முடியுமா?

லண்டனில் வசிக்கும் தமிழ் வாசகர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவர் பல ஆண்டுகளாக வாங்கிவரும் நாளிதழின் கருத்துப் பக்கத்தில் குடியேறிகளைப் பற்றி வாரந்தோறும் கட்டுரை வருகிறது. எழுதுவோர் அனைவரும் குடியேற்றத்தை எதிர்ப்பவர்களாகவே இருக்கிறார்கள். குடியேறி ஒருவரின் பெயரைக்கூட அந்தப் பக்கத்தில் அவர் பார்த்ததில்லை. இதைப் பத்திரிகைத் தர அமைப்பிடம் புகாராகக் கொண்டுசென்றால் எடுபடுமா என்று கேட்கிறார்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ‘அவர்களுக்கே இடம் தருகிறார்கள், எங்களுக்குத் தருவதில்லை’ என்ற வடிவில் எழுதப்படும் புகார் பிரிட்டனில் முதல் கட்டத்தைக்கூடத் தாண்டாது. யாரை எழுத அழைப்பது, யாருடைய கட்டுரையைத் திருப்பி அனுப்புவது என்பதெல்லாம் ஆசிரியரின் உரிமை என்பதே அங்குள்ள பெரும்பாலான நாளிதழ்களைக் கண்காணிக்கும் சுதந்திரப் பத்திரிகைத் தர அமைப்பின், அதாவது இப்சோவின், நிலைப்பாடு. அதே பக்கத்தில் வந்த ஒரு குறிப்பிட்ட வாக்கியம் பொய்யான தகவலைத் தாங்கியிருந்தாலோ, பெயர் சுட்டப்பட்ட ஒருவரை அவருடைய இனம், மதம், பால் முதலியவற்றைக் கொண்டு இழிவுபடுத்தியிருந்தாலோ, அப்போது புகார் வெல்லக்கூடும். சில வென்றும் இருக்கின்றன. உங்களை வருத்துவது ஒன்றாகவும் விதிக்குள் அடங்குவது வேறொன்றாகவும் இருக்கின்றன. இந்த இடைவெளியில் எவ்வளவு நியாயம் இருக்கிறது, எவ்வளவு அநியாயம் இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

இப்சோ 2014 செப்டம்பரில் செயல்படத் தொடங்கியது. தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தை ஒட்டி நீதிபதி லெவசன் நடத்திய விசாரணையின் அறிக்கை 2012 நவம்பரில் வெளிவந்த பிறகு, அதுவரை இருந்துவந்த பத்திரிகைப் புகார் ஆணையத்தின் இடத்தில் பத்திரிகை நிறுவனங்களே பணம் போட்டு இதை அமைத்துக்கொண்டன. கார்டியனும் ஃபைனான்சியல் டைம்ஸும் இதில் சேரவில்லை. அவை தங்களுக்கென்று தனி ஏற்பாடு வைத்திருக்கின்றன. இப்சோ தீர்ப்பளிப்பது பத்திரிகை ஆசிரியர்களின் குழு ஒன்று வகுத்த நடத்தை விதிகளின்படிதான். அவற்றில் முதல் விதி துல்லியத்தைப் பற்றியது. பத்திரிகைகள் கருத்துச் சொல்லவும் ஒரு நோக்கத்துக்காகப் பிரசாரம் செய்யவும் சுதந்திரம் உடையவை, ஆனால் கருத்து, ஊகம், உண்மைத் தகவல் ஆகிய மூன்றையும் தெளிவாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. இரு தரப்புக்கும் ஈடாக இடம் தர வேண்டும் என்ற கடமை அந்த விதிகளில் எங்கும் இல்லை. இதை விடுபட்டுப்போன ஒன்றாக எண்ண வேண்டாம். தெரிந்தே வைக்கப்பட்ட நிலை இது. பிரிட்டிஷ் நாளிதழ்கள் தங்களை ஒரு கட்சியின் பக்கமோ ஒரு கொள்கையின் பக்கமோ வெளிப்படையாக நிறுத்திக்கொள்பவை. வலதுசாரி டெய்லி மெயிலை வாங்குபவர் இடதுசாரிச் சாய்வுள்ள கார்டியனின் குரலை அதில் எதிர்பார்ப்பதில்லை என்ற அனுமானத்தின் மேல்தான் அந்தத் துறையே நிற்கிறது.

புகார் அனுப்புவோரின் எண்ணிக்கை முடிவை மாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். அது மாற்றுவதில்லை என்பதற்கு இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். 2009 அக்டோபரில், பாய்சோன் இசைக்குழுவின் பாடகர் ஸ்டீஃபன் கேட்லி ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் தம் 33ஆம் வயதில் திடீரென இறந்தார். இயற்கையான காரணத்தால் நேர்ந்த மரணம் என்று மருத்துவர்கள் தெரிவித்திருந்தும், அவருடைய ஒருபாலின வாழ்க்கையோடு அம்மரணத்தை இணைத்து, ஜான் மோயர் என்ற பெண் பத்தி எழுத்தாளர் டெய்லி மெயிலில் எழுதினார். அடக்கம் நடப்பதற்கு முன்பே அச்சான பத்தி அது. இப்சோவுக்கு முந்தைய அமைப்பான பத்திரிகைப் புகார் ஆணையத்துக்கு 25,000க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. கேட்லியின் துணைவரும் புகார் கொடுத்தார். 2010 பிப்ரவரியில் ஆணையம் எல்லாவற்றையும் நிராகரித்தது. அந்தப் பத்தியின் தொனி தனக்கே உவப்பாக இல்லை என்று ஒப்புக்கொண்ட ஆணையம், அதைத் தவறென்று அறிவித்தால் கருத்துத் தணிக்கையை நோக்கிச் சரிய நேரிடும் என்று காரணம் சொன்னது.

பத்தாண்டு கழித்து வந்தது மற்றொன்று. 2019 ஜனவரியில் போரிஸ் ஜான்சன், அப்போது அவர் பிரதமராகியிருக்கவில்லை, டெய்லி டெலிகிராஃபில் தம் வாராந்திரப் பத்தியில், ஒப்பந்தம் எதுவுமின்றி ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவதையே பிரிட்டன் மக்கள் மற்ற வழிகளைவிடக் கணிசமான வித்தியாசத்தில் விரும்புவதாக எழுதினார். அவர் சுட்டிய கருத்துக்கணிப்புகளில் அப்படியொரு முடிவே இல்லை. ஒரு வாசகர் புகார் கொடுத்தார். அது நகைச்சுவை கலந்த வாதக் கட்டுரை, அதைப் புள்ளிவிவர ஆய்வாக யாரும் படிக்கமாட்டார்கள் என்று டெலிகிராஃப் வாதாடியது. இப்சோ அதை ஏற்கவில்லை. கருத்துக் கட்டுரையாகவே இருந்தாலும் அதற்குள் ஒரு தகவல் தகவலாகச் சொல்லப்பட்டிருந்தால் அதற்கு ஆதாரம் வேண்டும் என்று சொல்லித் திருத்தம் வெளியிட உத்தரவிட்டது. கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், அதே நாளிதழில் டோபி யங் சாதாரண சளி வந்தவர்களுக்குக் கோவிட் தொற்றுக்கு எதிராக இயற்கையான எதிர்ப்புச் சக்தி இருக்கலாம் என்றும், லண்டன் கூட்டு எதிர்ப்புச் சக்தியை நெருங்கிவிட்டது போலும் என்றும் எழுதியபோது, அதுவும் துல்லிய விதியை மீறியது என்று 2021 ஜனவரியில் முடிவாயிற்று.

25,000 பேரின் சினம் தோற்ற இடத்தில் ஒரே ஒரு வாசகரின் கூட்டல் கழித்தல் வென்றது. இந்த வழக்குகளிலிருந்து புகார் எழுதுபவர் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் செய்தி இதுதான்: ‘இவரை ஏன் எழுத விட்டீர்கள்’ என்று கேட்பதை விட்டு, ‘இவர் எழுதிய இந்த வரி எந்த ஆதாரத்தில் நிற்கிறது’ என்று கேளுங்கள். குடியேறிகளைப் பற்றிய கட்டுரைகளில் எண்கள் மலிந்திருக்கும். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு உதவித்தொகை பெற்றார்கள், குற்றங்களில் எத்தனை விழுக்காடு அவர்களுடையது என்றெல்லாம் வரும். பிரிட்டன் அரசின் புள்ளிவிவர அலுவலகமும் உள்துறையும் வெளியிடும் கணக்குகளோடு அவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாத ஓர் எண் கிடைத்தால் அது நூறு கையெழுத்துகளைவிடப் பயன்படும்.

அடுத்தது பாகுபாட்டைப் பற்றிய 12ஆம் விதி. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விதி இது. காரணம் அதிலுள்ள ஒரே ஒரு சொல். ஒரு ‘தனிநபரின்’ இனம், நிறம், மதம், பால், பாலின அடையாளம், பாலியல் நாட்டம், நோய் அல்லது உடற்குறையைப் பற்றித் தப்பெண்ணம் கொண்டோ இழிவாகவோ குறிப்பிடுவதைத் தவிர்க்க வேண்டும் என்பது விதி. தனிநபர் என்பதுதான் அதன் பூட்டு. ஒரு சமூகம் முழுவதையும் இழிவுபடுத்தினால் இந்த விதிக்குள் வராது.

இதன் விளைவு எப்படிப்பட்டது என்பதை ஒரே நாளிதழின் இரண்டு பத்திகள் காட்டிவிடும். 2014 டிசம்பரில் சன் நாளிதழில் ராட் லிடில், தொழிற்கட்சி வேட்பாளரான எமிலி பிரதர்ஸ் பார்வையற்றவர் என்பதையும் திருநங்கை என்பதையும் சேர்த்து ஒரு கேலி எழுதினார். பெயர் சுட்டப்பட்ட ஒருவரைப் பற்றியது என்பதால், 2015இல் இப்சோ அதை விதிமீறல் என்று தீர்ப்பளித்தது. 2015 ஏப்ரலில், அதே சன் நாளிதழில் கேட்டி ஹாப்கின்ஸ், மத்தியதரைக் கடலைப் படகில் கடந்துவரும் மக்களைக் கரப்பான்பூச்சிகளோடு ஒப்பிட்டு, மீட்புப் படகுகளுக்குப் பதிலாகப் போர்ப்படகுகளை அனுப்ப வேண்டும் என்று எழுதினார். பத்தி வெளிவந்த அடுத்த சில நாள்களிலேயே லிபியாவை அடுத்த கடலில் ஒரு படகு கவிழ்ந்து 800க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஐக்கிய நாடுகள் அவையின் அப்போதைய மனித உரிமை ஆணையர் ஸெய்த் ராத் அல் ஹுசைன், ருவாண்டாவில் இனப்படுகொலைக்கு முன்பு வானொலியில் ஒலித்த சொல்லும் இதுவே என்று நினைவூட்டிக் கண்டித்தார். நூற்றுக்கணக்கான புகார்கள் வந்தன. பாகுபாடு என்ற அடிப்படையில் வந்தவற்றை இப்சோ விசாரணைக்கே எடுக்கவில்லை. பத்தியில் எந்தத் தனிநபரும் குறிப்பிடப்படவில்லையே என்பது காரணம்.

ஒருவரைக் கேலி செய்தால் குற்றம், ஓராயிரம் பேரைப் பூச்சி என்றால் கருத்துரிமை என்றாகிறது இதனால். இந்த விதியை ஆதரிப்போரின் தரப்பையும் சொல்ல வேண்டும். குழுக்களைப் பற்றிய விமர்சனத்தையே தடுத்துவிட்டால், ஒரு மதத்தின் வழக்கத்தையோ ஓர் அரசியல் இயக்கத்தையோ கண்டித்து எழுதுவதும் புகாருக்கு உள்ளாகும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் விமர்சனத்தையும் வெறுப்புத் தூண்டலையும் பிரித்துக் காண்பது முடியாத காரியமா? பிரிட்டனில் அரசு அங்கீகார முறையின் கீழ் 2016இல் அங்கீகாரம் பெற்ற மற்றொரு அமைப்பான இம்ப்ரெஸ், ஒரு குழுவுக்கு எதிரான வெறுப்பைத் தூண்டக் கூடாது என்ற விதியைத் தன் தொகுப்பில் வைத்திருக்கிறது. ஆகவே அப்படியொரு விதியை எழுத முடியும். பெரிய நாளிதழ்கள் இம்ப்ரெஸில் சேரவில்லை என்பதுதான் துயரம்.

தனிநபர் சுட்டப்பட்டாலும் வெற்றி உறுதியில்லை. 2016 ஜூலையில் பிரான்சின் நீஸ் நகரத் தாக்குதல் செய்தியைச் சேனல் 4 தொலைக்காட்சியில் ஃபாத்திமா மாஞ்சி ஹிஜாப் என்னும் இஸ்லாமியத் தலைமறைப்பு அணிந்து வாசித்தது பொருத்தமா என்று சன் நாளிதழில் கெல்வின் மெக்கன்சி கேள்வி எழுப்பினார். 1,700க்கும் மேற்பட்ட புகார்கள் போயின. மாஞ்சியும் புகார் கொடுத்தார். மதச் சின்னங்களைப் பற்றிய பொது விவாதத்துக்கு அவருடைய தோற்றம் ஒரு தூண்டுதலாக மட்டுமே அமைந்தது என்று கூறி, அந்த ஆண்டு அக்டோபரில் இப்சோ நிராகரித்தது. ஒரு செய்தி வாசிப்பாளர் தம் தொழிலைச் செய்ததைத் தவிர வேறு எதையும் செய்யாத நிலையில், அவருடைய மதமே அந்தப் பத்தியின் பொருளாக இருந்த நிலையில், இது அவரைப் பற்றிய இழிவுரை ஆகாது என்ற தர்க்கத்தை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. அந்நேரத்தில் இப்சோவின் நிர்வாகக் குழுவில், சன் நாளிதழில் நீண்டகாலம் அரசியல் எழுதியவரும் அப்போதும் அதில் பத்தி எழுதிவந்தவருமான ட்ரெவர் கவனா உறுப்பினராக இருந்தார். புகார்களைத் தீர்மானிப்பது வேறொரு குழு, அதில் பத்திரிகைத் துறைக்கு வெளியே உள்ளவர்களே பெரும்பான்மை என்பது உண்மை. ஆயினும் புகார் கொடுத்தவர்கள் மனத்தில் அது விதைத்த ஐயத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

2022 டிசம்பரில் இளவரசர் ஹாரியின் மனைவியான சசெக்ஸ் சீமாட்டி மேகனைப் பற்றி அதே நாளிதழில் ஜெரமி கிளார்க்சன் எழுதிய பத்திதான் இந்தப் பாதையில் ஓர் அடியை முன்னே வைத்தது. அவரை நிர்வாணமாகத் தெருத்தெருவாக நடத்திச் செல்ல, கூட்டம் அவர் மேல் மலத்தை வீசும் காட்சியைத் தாம் கனவு காண்பதாக எழுதியிருந்தார். 25,100க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. சன் பத்தியை நீக்கி மன்னிப்பும் கேட்டது. மேகன் தாமாகப் புகார் கொடுக்கவில்லை. அதனால் பழைய நடைமுறைப்படி இது அங்கேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் மீறல் கடுமையானதாகவும் பொதுநலன் சார்ந்ததாகவும் இருந்தால், பாதிக்கப்பட்ட தரப்பைப் பிரதிநிதித்துவம் செய்யும் அமைப்பின் புகாரை ஏற்கலாம் என்ற வழி இப்சோவின் விதிகளில் உண்டு. அந்த வழியில் பெண்ணுரிமை அமைப்பான ஃபாசெட் சங்கமும் வைல்டு அறக்கட்டளையும் கொடுத்த புகார்கள் விசாரிக்கப்பட்டன. பத்தியிலிருந்த பல குறிப்புகளைச் சேர்த்துப் பார்க்கும்போது அவை மேகனை அவருடைய பால் அடிப்படையில் இழிவுபடுத்துகின்றன என்று 2023 ஜூன் 30 அன்று தீர்ப்பு வந்தது. இனப் பாகுபாடு, துன்புறுத்தல், துல்லியமின்மை ஆகிய குற்றச்சாட்டுகள் ஏற்கப்படவில்லை. தீர்ப்பின் சுருக்கத்தைப் பத்தி வெளியாகும் பக்கத்திலேயே வெளியிட வேண்டும் என்பது தண்டனை. கிளார்க்சனுக்கு ஏன் இடம் கொடுத்தீர்கள் என்று இந்தத் தீர்ப்பும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுதப்பட்ட சொற்களை மட்டுமே அது எடைபோட்டது.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். தேர்வையே புகாராக்க முடியாது என்ற நிலையை நான் ஆதரிக்கிறேனா? ஆம், மனம் ஒப்பித்தான் ஆதரிக்கிறேன். ஒரு தர அமைப்பு இன்று ‘குடியேறிகளுக்கு இத்தனை பத்தி ஒதுக்கு’ என்று உத்தரவிடக்கூடுமானால், நாளை ஆட்சியில் உள்ளவர்களுக்கு இத்தனை பத்தி ஒதுக்கு என்று உத்தரவிட வேறொரு அமைப்புக்கும் கை நீளும். 1972இல் அமெரிக்காவின் மயாமி ஹெரால்டு நாளிதழ், சட்டமன்ற வேட்பாளரான ஆசிரியர் சங்கத் தலைவர் பாட் டோர்னியோவைத் தாக்கித் தலையங்கம் எழுதியது. ஃபுளோரிடா மாநிலச் சட்டப்படி அவர் தம் மறுமொழியை அச்சிடக் கோரியபோது நாளிதழ் மறுத்தது. எதை அச்சிட வேண்டும் என்று சட்டம் கட்டளையிடுவதும் எதை அச்சிடக் கூடாது என்று கட்டளையிடுவதும் பத்திரிகைச் சுதந்திரத்தின் மீது ஒரே விதமான தலையீடுதான் என்று, 1974இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. டோர்னியோவுக்கு அநியாயம் நடந்தது என்று நான் நினைக்கிறேன். அந்தத் தீர்ப்பு சரி என்றும் நினைக்கிறேன்.

ஆனால் அரசோ தர அமைப்போ தலையிடக் கூடாது என்பதால், தேர்வு என்பது குறையே காண முடியாத புனிதச் செயல் ஆகிவிடாது. நான் ஒரு தமிழ் நாளிதழின் நடுப்பக்கத்தில் சில ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். கட்டுரை யாரிடம் கேட்பது என்பது பெரும்பாலும் கொள்கை முடிவாக இருப்பதில்லை. பிற்பகல் மூன்று மணிக்குச் செய்தி வரும், ஏழு மணிக்குள் 900 சொற்கள் வேண்டும். யாருடைய எண் கைப்பேசியில் இருக்கிறதோ, யார் முன்பு சொன்ன நேரத்தில் பிழையின்றிக் கொடுத்தார்களோ, அவர்களையே மறுபடியும் அழைப்போம். அவர்களில் ஓய்வுபெற்ற அதிகாரிகள், பேராசிரியர்கள், சென்னையில் வசிப்பவர்கள், ஆண்கள் ஆகியோர் மிகுந்திருந்தார்கள். துப்புரவுப் பணியாளர்களின் சாவைப் பற்றிய கட்டுரையை, அந்தப் பணியைப் பற்றிப் படித்தவர்களிடம் வாங்கினோமே தவிர, அதைச் செய்தவர்களிடம் ஒருமுறைகூட வாங்கவில்லை. யாரையும் விலக்க வேண்டும் என்று நாங்கள் ஒருநாளும் கூடிப் பேசியதில்லை. ஆனாலும் விலக்கப்பட்டவர்கள் ஆண்டுக்கணக்காக வெளியிலேயே நின்றார்கள். ஓர் ஆண்டின் நடுப்பக்கங்களை எடுத்து வைத்து எழுதியவர் பெயர்களை ஒருநாள் எண்ணிப் பார்த்தபோதுதான் அது எனக்கே உறைத்தது. உங்கள் நாளிதழிலும் இந்தப் பழக்கமே வேலை செய்துகொண்டிருக்கலாம். இல்லை, தெரிந்தே செய்யும் தேர்வாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

வானொலி, தொலைக்காட்சிக்கு பிரிட்டனில் விதி வேறு. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு அவற்றைக் கண்காணிக்கிறது. அரசியல் சர்ச்சைகளிலும் நடப்புப் பொதுக் கொள்கைகளிலும் உரிய நடுநிலை காக்க வேண்டும் என்ற கடமை அவற்றுக்கு உண்டு. ஆகவே நீங்கள் சொல்வது போன்ற ஒருதலையான அழைப்பு தொலைக்காட்சியில் நடந்தால், அதைப் புகாராக்க ஒரு கதவு திறந்திருக்கிறது. ஆனால் சம இடம் என்பதே நியாயம் என்று எண்ணிக்கொண்டு அந்தக் கதவுக்குள் நுழைபவர்கள் தடுக்கி விழும் இடமும் அங்கேயே இருக்கிறது. பருவநிலை மாற்றத்தைப் பற்றிய பிபிசி நிகழ்ச்சிகளில் விஞ்ஞானி ஒருவரை அழைத்தால், மறுப்பவர் ஒருவரையும் அழைப்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. மரபணுவியலாளர் ஸ்டீவ் ஜோன்ஸ் 2011இல் பிபிசி அறக்குழுவுக்காகத் தயாரித்த ஆய்வில், ஓரத்தில் இருக்கும் கருத்துகளுக்கு இவ்வாறு தகுதிக்கு மீறிய எடை கிடைப்பதைச் சுட்டிக்காட்டினார். அப்படியிருந்தும் 2017 ஆகஸ்டில் முன்னாள் நிதியமைச்சர் நைஜல் லாசன், பிபிசி ரேடியோ 4இன் காலை நிகழ்ச்சியில், முந்தைய பத்தாண்டில் உலகச் சராசரி வெப்பநிலை சற்றுக் குறைந்திருப்பதாகச் சொன்னபோது நிகழ்ச்சியை நடத்தியவர் மறுத்துக் கேட்கவில்லை. புகார்களை முதலில் தள்ளிய பிபிசி பிறகு தவற்றை ஒப்புக்கொண்டது; 2018 ஏப்ரலில் ஆஃப்காமும் துல்லிய விதி மீறப்பட்டது என்று முடிவு செய்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பிபிசியின் செய்தித் தலைவர் ஃப்ரான் அன்ஸ்வொர்த் ஊழியர்களுக்கு அனுப்பிய குறிப்பில், நடுநிலைக்காகப் பருவநிலை மாற்றத்தை மறுப்பவரை அழைத்துவர வேண்டிய கட்டாயம் இல்லை, சென்ற சனிக்கிழமை மான்செஸ்டர் யுனைடெட் 2-0 என்று வென்றதை மறுப்பவரை நாம் அழைப்பதில்லையே என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது. இங்கேயும் லாசனை அழைத்தது விதிமீறலாகவில்லை. அவர் சொன்ன தவறான தகவலைத் திருத்தாமல் விட்டதே மீறலாயிற்று. குடியேற்றம் இந்த வகையைச் சேர்ந்த விஷயம் அல்ல. எத்தனை பேர் வர வேண்டும் என்பது நியாயமாக மாறுபடக்கூடிய கருத்து. ஆகவே அங்கே பல குரல்களைக் கேட்பதற்கு உங்கள் தரப்பில் வலுவான காரணம் இருக்கிறது.

இந்தியாவில் நிலைமை சற்று வேறு. தமிழில் இதைப் படிக்கும் பலருக்கும் அது பயன்படும். முதல் பத்திரிகை ஆணையத்தின் பரிந்துரையில் 1966இல் அமைந்து, நெருக்கடி நிலையில் 1976இல் கலைக்கப்பட்டு, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீண்டும் உயிர்பெற்ற இந்தியப் பத்திரிகை மன்றம், தன் நடத்தை நெறிகளில் வாசகர் கடிதங்களைப் பற்றித் தனியாகவே பேசுகிறது. சர்ச்சைக்குரிய ஒரு பொருளில் கடிதங்களுக்கு இடம் திறந்துவிட்ட ஆசிரியர், வந்த எல்லாவற்றையும் வெளியிடக் கடமைப்பட்டவர் அல்லர், தேர்ந்தெடுக்கலாம், சுருக்கலாம். ஆனால் வெளியாவது ஒருதலையாக இல்லாமல், ஆதரவும் எதிர்ப்புமான கருத்துகளின் நியாயமான சமநிலையாக அமைய நேர்மையாக முயல வேண்டும் என்கிறது அந்நெறி. தேர்வைப் பற்றியே ஒரு பத்திரிகை அமைப்பு வாய்திறந்து சொன்ன அரிய இடம் இது. மன்றத்தால் அபராதம் விதிக்க முடியாது. எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அவ்வளவே. இருந்தாலும் ‘நேர்மையாக முயல வேண்டும்’ என்ற சொற்களை ஓர் ஆசிரியருக்கு முன்னால் வைத்துக் காரணம் கேட்க முடிகிறது என்பதைச் சிறிதென்று நான் நினைக்கவில்லை.

இதையொட்டிய ஒரு வழக்கும் உண்டு. அகமதாபாத்தின் நுகர்வோர் அமைப்பொன்றை நடத்திய பேராசிரியர் மனுபாய் ஷா, ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் நடைமுறைகள் பாலிசிதாரர்களை வஞ்சிக்கின்றன என்று ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். கழகத்தின் உறுப்பினர் ஒருவர் அதை மறுத்து, சென்னையிலிருந்து வெளிவரும் தி இந்து நாளிதழில் எழுதினார். ஷாவின் பதிலையும் அந்த நாளிதழ் வெளியிட்டது. பிறகு கழகம் தன் உறுப்பினரின் மறுப்பை மட்டும் எடுத்துத் தன் ‘யோகக்ஷேமா’ இதழில் வெளியிட்டு, ஷாவின் பதிலுக்கு இடமில்லை என்றது. 1992இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பதிலையும் வெளியிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கழகம் அரசு சார்ந்த நிறுவனம், அதன் இதழ் பொதுப் பணத்தில் நடப்பது, ஒரு தரப்பை வெளியிட்ட பின் மறு தரப்பை மூடிவைப்பது நியாயமற்றது என்பவை காரணங்கள். தனியார் நாளிதழை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் யாரும் கட்டாயப்படுத்தாமலே இரு தரப்பையும் வெளியிட்டது தனியார் நாளிதழ், நீதிமன்றம் கட்டாயப்படுத்தும்வரை மறுத்தது அரசு நிறுவனத்தின் இதழ் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மான்செஸ்டர் கார்டியனின் ஆசிரியராக அரை நூற்றாண்டுக்கும் மேல் இருந்த சி.பி. ஸ்காட் 1921இல், நாளிதழின் நூற்றாண்டை ஒட்டி எழுதிய கட்டுரையில், கருத்துக்குச் சுதந்திரம் உண்டு, தகவல்களோ புனிதமானவை என்று சொன்னது உலகெங்கும் மேற்கோளாகிவிட்டது. இப்சோவின் முதல் விதியே ஏறக்குறைய அதுதான். அடுத்தடுத்த வரிகளில், நண்பர்களின் குரலுக்கு இருக்கும் அளவே எதிர்ப்பவர்களின் குரலுக்கும் கேட்கப்படும் உரிமை உண்டு என்று அவர் எழுதியதை அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அந்த வரிக்கு இப்சோவின் விதித்தொகுப்பில் இடமில்லை என்பதால், அதைக் காக்கும் பொறுப்பு ஆசிரியரிடமும், அவரைக் கேள்வி கேட்கும் வாசகரிடமும் மட்டுமே விடப்பட்டிருக்கிறது. கார்டியன் 1997இலும், அந்த முன்மாதிரியைப் பின்பற்றி தி இந்து 2006இலும், வாசகர்களின் குறைகளைக் கேட்டு அதே நாளிதழில் வெளிப்படையாக எழுதும் ‘வாசகர்களின் ஆசிரியர்’ என்ற பொறுப்பை ஏற்படுத்தின. தேர்வைப் பற்றிய புகாருக்கு இந்த ஏற்பாட்டைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்பது என் கருத்து. அது தீர்ப்புச் சொல்வதில்லை. காரணம் கேட்கிறது, கேட்ட காரணத்தை அச்சில் ஏற்றுகிறது.

எனவே உங்களுக்கு நான் சொல்வது இரண்டு கடிதங்கள். முதலாவது ஆசிரியருக்கு. கடந்த ஆறு மாதங்களில் குடியேற்றத்தைப் பற்றி வந்த கருத்துக் கட்டுரைகளைத் தேதி, தலைப்பு, எழுதியவர், அவருடைய பணி என்று ஒரு தாளில் பட்டியலிடுங்கள். உணர்ச்சியை அந்தத் தாளில் வைக்காதீர்கள், எண்ணிக்கையே பேசட்டும். பட்டியலோடு, எழுதக்கூடிய இரண்டு மூன்று பேரின் பெயர்களையும் அவர்களின் ஒப்புதலோடு அனுப்புங்கள்: தேசியச் சுகாதாரச் சேவையில் பணிபுரியும் செவிலியர் ஒருவர், கடை நடத்துபவர் ஒருவர், குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர். நடுப்பக்கத்தில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன், மாலை ஏழு மணிக்குள் கட்டுரை தரக்கூடியவரின் எண் எந்தக் கண்டனத்தையும்விட விரைவாக ஓர் ஆசிரியரைத் திருப்பும். உங்கள் சொந்தக் கட்டுரையையும் சேர்த்து அனுப்பத் தயங்காதீர்கள்.

இரண்டாவது கடிதம், அந்தக் கட்டுரைகளில் தவறான தகவல் ஏதேனும் கண்ணில் பட்டிருந்தால் மட்டும். எந்த நாள், எந்தப் பக்கம், எந்த வரி, அதற்கு மாறான அதிகாரபூர்வமான கணக்கு எது என்பதை எழுதி, முதல் விதியின் கீழ் என்று தெளிவாகக் குறிப்பிட்டு நாளிதழுக்கு அனுப்புங்கள். அங்கே தீராவிட்டால் இப்சோவுக்குப் போகலாம். நேராக இப்சோவுக்கு அனுப்பினாலும் அது பெரும்பாலும் முதலில் நாளிதழிடம்தான் பேசச் சொல்லும். கட்டுரை வெளிவந்த நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் புகார் போய்ச்சேர வேண்டும். இணையத்தில் இன்னும் இருக்கும் கட்டுரை என்றால் ஓராண்டு வரை ஏற்கக்கூடும். இந்தியாவில் பத்திரிகை மன்றத்துக்கு எழுதுபவர்களும் முதலில் ஆசிரியருக்கு எழுதி, அந்தக் கடிதத்தின் நகலையும் பதில் வந்திருந்தால் அதையும் இணைக்க வேண்டும். நாளிதழ்களுக்கும் வார இதழ்களுக்கும் அங்கே இருப்பது 2 மாதங்கள், மற்ற இதழ்களுக்கு 4 மாதங்கள். பட்டியல் தயாரிக்கும்போது மிகச் சமீபத்திய கட்டுரையிலிருந்து பின்னோக்கிப் போங்கள். கெடு முடிந்துபோன கட்டுரைகளை ஆசிரியருக்கான கடிதத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, கெடுவுக்குள் இருப்பவற்றை முதலில் சரிபார்த்து முடியுங்கள்.